நாச்சிமுத்து போட்ட பூட்டு

புங்கவலசு மேக்காட்டுத் தோட்டத்தில் நாச்சிமுத்து வீட்டு வாசற்படி முதன்முதலாக ஓர் ஆளை உள்ளே விடாமல் நிறுத்தியது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், மணி பத்து இருக்கும், அப்படி நிறுத்தப்பட்டது திருடனுமில்லை கொள்ளைக்காரனுமில்லை, நாச்சிமுத்துவின் கூடப் பிறந்த தங்கச்சி வசந்தா. பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மைல் வெயிலில் நடந்து வந்தவள், ‘சும்மாதானுங் நங்கையா, அண்ணனப் பாத்து நாளாச்சேன்னு வந்தேன்’ என்று அண்ணன் பெண்டாட்டி சாந்தாமணியிடம் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். வைத்த கால் வெளியே இருந்தது. இன்னொரு தடவை தூக்கி வைத்தாள், அது தூக்கின இடத்துக்கே திரும்ப வந்து ஊன்றிக்கொண்டது. இடது காலை வைத்துப் பார்த்தாள், அதுவும் அப்படித்தான். வலியில்லை, எதுவும் தடுக்கவில்லை, யாரும் பிடித்துத் தள்ளவுமில்லை, கால் போகவில்லை, அவ்வளவுதான்.

‘உள்ற வா அம்மணி, அங்கயே நின்னு என்ன பண்ற’ என்றாள் சாந்தாமணி. வசந்தாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கடைசியில் வாசலில் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு, காப்பியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள் சாந்தாமணி. அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போது வசந்தா சொன்னாள், ‘வந்ததுதான் வந்துட்டேன், உங்க மக தாரணி கல்யாணத்துக்கு எடுத்த அந்தப் பெரிய பித்தளை அண்டா சும்மாதானுங்களே கெடக்குது.’ கட்டிலில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து தங்கச்சியைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார், மறுபடி தங்கச்சியைப் பார்த்தார். இரண்டு வருஷமாக அந்த மனுஷன் முகத்தில் காணாத ஒரு தெளிச்சி அன்றைக்குத் தெரிந்ததைச் சாந்தாமணி கவனித்தாள், கூடப் பிறந்தவளை வெளியே உட்கார வைத்துவிட்டு இதென்ன சந்தோஷம் என்று அவளுக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளெல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருப்பவை, பிள்ளைகள் வெளியூரில் இருக்க வயசானவர்கள் இரண்டு இரண்டு பேராகக் குடியிருப்பவை, இரண்டு வருஷத்தில் ஒன்பது வீடுகளில் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனதோடு விட்டால் பரவாயில்லை, அடித்துப் போட்டுவிட்டல்லவா போனார்கள். தெற்குக்காட்டுச் சென்னியப்பனும் அவர் சம்சாரமும் பட்டப்பகலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது அடிபட்டவர்கள். சென்னியப்பனை வேனில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போனவர் நாச்சிமுத்து. சென்னியப்பன் பிழைத்துக்கொண்டார், பேச்சுத்தான் திரும்பி வரவில்லை. அன்றைக்குத் திரும்பி வந்த நாச்சிமுத்து ஜன்னலுக்கெல்லாம் இன்னொரு கம்பி அடித்தார், மதிலை உயர்த்தினார், கேமரா மாட்டினார், அது பல்லி ஓடினால்கூடப் போனில் கத்தியது, நாய் ஒன்று வாங்கி வந்தார், அது வந்தவர் போனவர் எல்லாருக்கும் வாலை ஆட்டியது. வாசக்கதவுக்குப் புதுசாகப் பெரிய பூட்டு வாங்கிப் போட்டார். அப்புறமும் பயம் போகாமல்தான் ஏரிக்கரை முனியப்பனிடம் போனார்.

ஏரிக்கரை முனியப்பனுக்குப் பூட்டுப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மனசிலிருக்கிற குறையை வாய்விட்டுச் சொல்லி, சாமிக்கு முன்னால் இருக்கிற வேல்கம்பியில் ஒரு பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்துவிட வேண்டியது, காரியம் முடிந்ததும் பொங்கல் வைத்துப் பூட்டைத் திறந்து எடுத்துவிட வேண்டியது. பூட்டு மட்டும் புதுசாக இருக்க வேண்டும். நாச்சிமுத்துவா புதுசு வாங்குவார்? வாசக்கதவில் அவர் அப்பன் காலத்திலிருந்து தொங்கி இப்போது வேலையில்லாமல் கிடந்த பழைய இரும்புப் பூட்டு ஒன்று இருந்தது. சும்மா கிடக்கிற பூட்டு இருக்கும்போது இன்னொன்று எதுக்கு என்று அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டு, சாம்பலில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, கொண்டுபோய் மாட்டிவிட்டார். ‘வேணும்னு வர்ற ஒருத்தன் காலும் என்ற ஊட்டு வாசப்படியத் தாண்டக்கூடாது சாமி’ என்று வேண்டிக்கொண்டார். அவர் சொன்னது அவ்வளவுதான், முனியப்பன் சொன்னதைச் செய்தான்.

வசந்தாவுக்கு அடுத்து இன்னும் நாலு பேர் அப்படி நின்ற பிறகு பூசாரி வெள்ளையனைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் தன் காலையும் வைத்துப் பார்த்தார், அது திரும்பி வந்தது, சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்தார் பாவம். நாச்சிமுத்துவை மரத்தடிக்குக் கூப்பிட்டு, ‘எந்தப் பூட்டுங் போட்டீங்க’ என்று கேட்டார், பதிலைக் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். ‘பொழங்குன பூட்டப் போட்டா சாமி உங்க கொறையவா பூட்டும், ஊட்டையே பூட்டிப் போட்டுது. பூட்டுன கைதானுங் தொறக்கோணும். வேற ஆராச்சும் தொட்டா என்னாகும்னு எனக்குந் தெரியாது, எங்கப்பனுக்குந் தெரியாது.’

‘தொறக்கறதா’ என்றார் நாச்சிமுத்து. ‘எதுக்குத் தொறக்கோணும்?’

ஊர் இதற்கு எத்தனை நாளில் பழகிக்கொண்டது என்று நினைக்கிறீர்கள், முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. மேக்காட்டு வீட்டுக்குள் போக முடியாது என்பது ஏரியில் தண்ணீர் இல்லை என்பதைப் போல ஒரு சமாசாரமாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தவர்கள் தட்டத்தை வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காஸ் சிலிண்டர்காரன் படிக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, உள்ளே உருட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். பின்கட்டுக் கதவிலும் அதே கதைதான். கூரை வழியாக இறங்கிப் பார்க்கிறேன் என்று ஏறின வயர்மேன் ஓட்டைப் பிரித்துக் காலை விட்டால் கால் ஓட்டின் மேலேயே இருந்தது, அவன் பிரித்த ஓட்டை ஒழுங்காகத் திருப்பி வைக்காமல் போனதில் ஐப்பசி மழைக்குச் சாமான் அறை ஒழுகியது. பக்கத்துக் காட்டு மாராத்தாள் ஒருநாள் கீரையைக் கொடுக்கத்தான் வந்தாள், கொடுக்க வந்தவளைக்கூடப் படி விடவில்லை. ‘நான் என்னத்த கேட்டு வந்தேன்’ என்று சத்தம் போட்டவள், அரைமணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து, தாரணி மாமியாருக்கும் தாரணிக்கும் ஒத்துப்போகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் எழுந்தாள். கோழிகள் உள்ளே தவிட்டுக்குப் போகமுடியாமல் படியண்டை கூட்டமாக நின்று பார்த்தன.

உள்ளாட்சித் தேர்தல் வந்ததே, அப்போதுதான் வேடிக்கை. தலைவர் பதவிக்கு நின்ற அஞ்சு பேரையும் மேக்காட்டு வீட்டுக்கு ஓட்டுக் கேட்கக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று ஊரே பிடிவாதம் பிடித்தது, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சனம் முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு பேருக்குக் கால் கல்லு மாதிரி நின்றது. அஞ்சாமவருக்குப் பெருவிரல் மட்டும் உள்ளே போனது. ‘இவருக்குச் சித்தெ கொறச்சலாத்தான் வேணுமாட்ட இருக்குது’ என்று பேசிக்கொண்டு எல்லாரும் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். மொத்தத்தில் அந்தப் படியைத் தாண்டி உள்ளே போன வெளியாள் என்று பார்த்தால் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க வந்த குமரேசன் ஒருத்தர்தான். ஓய்வு பெற ஒரு மாதம் இருந்த அவர், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய், எழுதி, வெளியே வந்து, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு இந்த உலகத்தில் எதுவுமே வேண்டாம்போல என்று ஊர் இரக்கப்பட்டது.

இந்த வேடிக்கையெல்லாம் ஊருக்கு. பாடு சாந்தாமணிக்கு. வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலியை வெளியே கொண்டுவந்து போடு, தண்ணி கொண்டா, மோர் கொண்டா, காப்பி கொண்டா, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போ, மழை வந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் படியை அவள் ஏறி இறங்கினாள். சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் என்று சொன்ன சொந்தக்காரர்கள் எல்லாரும் படியண்டை நின்று முகம் வெளுத்துப் போனார்கள், எதுக்கு வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, அப்புறம் வரவே பயந்தார்கள். கார்த்திகைக்குள் உறவு ஒன்றொன்றாக அற்றுக்கொண்டு வந்தது. ‘நல்லதாப் போச்சு’ என்றார் நாச்சிமுத்து. அவரைப் படி நிறுத்தவில்லை, வீட்டுக்காரருக்கு எல்லாமே அவருடையது, தன்னுடையதை எதுக்கு ஒருத்தன் வேண்டுமென்று நினைக்கப்போகிறான் என்று பூசாரி அதற்கு விளக்கம் சொல்லியிருந்தார். சாந்தாமணியை ஏன் நிறுத்தவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் ஏது.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு பைக்கில் நாலு பேர் வந்தார்கள். இளநீர் லோடு எடுக்க வந்தோம், அண்ணன் இருக்கிறாரா என்றார்கள். ஒருத்தன் பேசிக்கொண்டே படியேறினான், கால் திரும்பி வந்தது. இன்னொருத்தன் ஏறினான். நாலு பேரும் மாற்றி மாற்றி ஏறிப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வசந்தாவும் அப்படித்தான் பார்த்தாள், மாராத்தாளும் அப்படித்தான் பார்த்தாள், ஆகவே சாந்தாமணிக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ‘இந்த ஊட்ல அப்படித்தான் சாமி, உக்காருங்க’ என்று நாலு நாற்காலி கொண்டுவந்து போட்டு மோர் கொடுத்தாள். நன்றாகக் குடித்தார்கள், ஒருத்தன் இரண்டாவது டம்ளரும் கேட்டான். பத்து நாள் கழித்து அந்த நாலு பேர் படமும் பேப்பரில் வந்தது, சென்னியப்பன் வீட்டிலிருந்து எல்லாம் இவர்கள் வேலைதான், பிடித்துவிட்டார்கள். பேப்பரை வைத்துக்கொண்டு சாந்தாமணி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திருடனுக்கும் நாத்தனாருக்கும் ஒரே நாற்காலியைப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தவள் பேப்பரோடு எழுந்து புருஷனிடம் போனாள்.

‘அதான் புடிச்சுட்டாங்கல்லங். இனியாச்சும் தொறந்துபோடுங்க’ என்றாள்.

‘இந்த நாலு பேரு உள்ற போனா வேற நாலு பேரு வருவானுக. பாத்தியல்ல, ஒருத்தன் காலு உள்ற வந்துச்சா? என்ற பூட்டு வேல செய்யுது புள்ள.’

‘வசந்தா காலுந்தான் வல்ல.’

‘அவளுக்கு அண்டா வேணும்.’

அவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது. சாவி பீரோவுக்குள், அவருடைய வேட்டிகளுக்கு அடியில் இருந்தது.

தை பிறந்தது. மகள் தாரணிக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தானே, முறைப்படி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் ஏழு வகைச் சாதத்தையும் சம்பந்தி வீட்டில் பரிமாறி, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள் சாந்தாமணி. கொண்டுவந்து விட மாப்பிள்ளை பிரகதீஷும் சம்பந்தியம்மாவும் கூடவே காரில் வந்தார்கள். வழியெல்லாம் சாந்தாமணிக்கு அந்தப் படி நினைப்பாகவே இருந்தது, ஆனாலும் பெற்ற பிள்ளையையா நிறுத்தப்போகிறது, அவள் பிறந்து தவழ்ந்த படியல்லவா அது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆலம் சுற்றிக் கொட்டினாள். தாரணி கையில் கண்ணாடி வளையல் கலகலவென்று குலுங்க, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்தாள்.

கால் வெளியே இருந்தது.

‘அம்மா’ என்றாள் தாரணி. இன்னொரு தடவை வைத்தாள், அந்தக் கனத்த வயிற்றோடு மூன்றாம் தடவையும் வைத்தாள். அம்மா வீட்டுக்கு வருகிற மாசக்காரிக்கு என்னதான் வேண்டாம்? ஜன்னலோரத்துக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும், அம்மா கை ரசம் வேண்டும், தலைக்கு எண்ணெய் வைத்துவிட வேண்டும், பயமாயிருக்கிறது என்று சொல்லி ஒருதடவை அழ வேண்டும், ஒன்றா இரண்டா. அதையெல்லாம் சுமந்துகொண்டு அவள் படியண்டை நின்றாள். சம்பந்தியம்மா நிதானமாகச் சொன்னாள், ‘ஊரெல்லாம் சொல்றாங்கன்னு நான் நம்பாம இருந்தனுங். சரிங்க, முறைக்கு உட்டுப்போட்டுப் போறோம். கொழந்த பொறந்து ஆஸ்பத்திரில இருந்து வாறப்பவும் இந்த ஊட்டுக்குள்ள அவளுக்கு எடமில்லீன்னா, தாயையும் புள்ளையையும் நேரா எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவனுங். அப்பறம் இந்த வாசலுக்கு நாங்க ஆரும் வரமாட்டோம்.’

சொன்னால் செய்கிறவள் சம்பந்தியம்மா, அது சாந்தாமணிக்குத் தெரியும்.

தாரணியை மாட்டுக் கட்டுத்தறிக்குப் பக்கத்தில், உர மூட்டையும் மண்வெட்டியும் வைக்கிற சாளையில் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. மேலே தகரம், பகலெல்லாம் கொதித்தது. சாந்தாமணி ஜன்னலோரத்துக் கட்டிலையே பிரித்துத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாளையில் போட்டாள், ஃபேனைக் கொண்டுபோனாள், ரசத்தைக் கொண்டுபோனாள், வீட்டுக்கும் சாளைக்கும் எண்பது அடி, அந்த எண்பது அடியை எத்தனை தடவை நடந்தாள் என்று யார் கண்டது. தாரணி தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒருநாள் மட்டும் கேட்டாள், ‘நான் என்னம்மா திருட வந்தேன்?’

சாந்தாமணி நேராகப் புருஷனிடம் போனாள். அவர் தென்னைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

‘தொறந்துட்டு வாங்க.’

‘கொழந்த பொறக்கட்டும் புள்ள. புள்ளத்தாச்சிய வெச்சுக்கிட்டுத் தொறந்து போடச் சொல்றியா? எவனாச்சும் வந்தா அவளால ஓடத்தான் முடியுமா?’

‘அவ இப்பவே வெளியதானுங் படுத்திருக்கறா. ஊட்டுக்குள்ள நீங்க மட்டுந்தான் இருக்கறீங்க.’

நாச்சிமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். ‘சென்னியப்பன் தலைய நான் மடில வெச்சிருந்தேன் சாந்தா. நீ வெச்சிருக்கல’ என்றார். பயந்தவனைத் திட்டவும் முடியாது, பயந்தவனோடு குடும்பம் நடத்தவும் முடியாது, இதை யாரிடம் போய்ச் சொல்வாள்.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். சாளையில் தாரணிக்குக் கால் வீங்கிப் போயிருந்தது, சாந்தாமணி அதை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள். போதும் என்று இருந்தது. சாவியை எடுப்பது, அவர் கையில் திணிப்பது, கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய்த் திறக்க வைப்பது, வராவிட்டால் ஊரைக் கூட்டுவது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வந்து படியேறினாள்.

கால் வெளியே இருந்தது.

முதலில் தடுக்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடியும். காலையிலிருந்து முப்பது தடவை ஏறி இறங்கின படி, இருபத்தெட்டு வருஷமாகச் சாணி போட்டு மெழுகி, பிறகு சிமெண்டு வந்ததும் கழுவித் துடைத்து, வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசின படி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இத்தனை நாளும் படி தன்னை ஏன் விட்டது என்று. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தனக்கு ஒன்று வேண்டும் என்று அந்த வீட்டுக்குள் போனதில்லை. காப்பி போடப் போனாள், சோறாக்கப் போனாள், நாற்காலி எடுக்கப் போனாள், யார் யாருக்கோ எது எதையோ எடுக்கப் போனாள். இன்றைக்குத்தான் அவளுக்காக ஒன்று கேட்டு வந்திருக்கிறாள், இன்றைக்கு அவளும் வசந்தா, அவளும் மாராத்தாள், அவளும் அந்த நாலு பேரில் ஒருத்தி.

‘ஏனுங்’ என்று கூப்பிட்டாள். ‘அந்தச் சாவிய எடுத்துட்டு வாங்க.’

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார், அவள் காலைத் தூக்கி வைத்துக் காட்டினாள். அவர் பார்த்தார். பிறகு உண்மையாகவே அவளுக்கு உதவி செய்கிறவர் போலச் சொன்னார், ‘நீ என்னமோ வேணும்னு நெனச்சுட்டு வர்ற. வேணும்னு நெனைக்காம வா புள்ள.’

சாந்தாமணி அவரையே பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேச்சு அவரிடம் கேட்டிருக்கிறாள், இதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிச் சாளைக்கு நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கட்டுத்தறி ஓரத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். மாராத்தாள் வீட்டிலிருந்து சட்டி வந்தது, வசந்தாகூட விஷயம் கேள்விப்பட்டு அரிசியும் பருப்புமாகப் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள், அண்டாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. உறவு திரும்பிச் சாளைக்கு வர ஆரம்பித்தது, அங்கே படி எதுவும் இல்லை. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது, மேக்காட்டு வீடு என்றால் இனிமேல் சாளைதான் என்று பத்திரிகை கொண்டு வருகிறவர்கள்கூட நேராக அங்கேயே போனார்கள். யாரோ புத்திசாலி, மீட்டர் குமரேசனைக் கூட்டிவந்து சாவியை எடுக்கச் சொல்லலாம் என்று சொல்ல, அவரைத் தேடிப் போனார்கள். அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார், பாவம் வந்தார், அவரிடம் சாவி வேண்டும் என்று சொன்னார்களே, அதோடு அவரையும் படி விடவில்லை. நாச்சிமுத்து சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்து மகளைத் தலைநிமிராமல் ஒருதரம் விசாரித்துவிட்டு, தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தை இருபத்து மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் தாரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அஞ்சாம் நாள் காலை கார் வந்து வாசலில் நின்றது. தாரணி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இறங்கினாள், சாந்தாமணி துணியில் சுற்றின குழந்தையோடு இறங்கினாள். சம்பந்தியம்மா இறங்கவில்லை. ‘பிரகதீஷு, வண்டிய அமத்தாத’ என்றாள்.

நாச்சிமுத்து படியில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை, வீட்டை யார் பார்ப்பது. பேத்தியை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறார். இறங்கி வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். சாந்தாமணி கொடுத்தாள். குழந்தை கொட்டாவி விட்டுக் கண்ணைத் திறந்து, வெளிச்சம் பிடிக்காமல் முகத்தைச் சுளித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யாரிடமும் ஒன்றும் கேட்காமல், வெயில் படாமல் துண்டை மேலே பிடித்துக்கொண்டு, திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார், வேறென்ன.

கால் வெளியே இருந்தது.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். மறுபடி வைத்தார். குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறிப் பார்த்தார், அப்போதும் முடியவில்லை. வேண்டும் என்று நினைத்தது நினைத்ததுதான், அதை இறக்கிவைக்க அவருக்கும் வழி தெரியவில்லை. திறந்த கதவுக்கு உள்ளே அவருடைய கட்டில் தெரிந்தது, பீரோ தெரிந்தது, பீரோவுக்குள் சாவி. வியர்த்து விறுவிறுத்துத் திரும்பிச் சாந்தாமணியைப் பார்த்தார்.

‘வேணும்னு நெனைக்காம போங்க’ என்றாள் சாந்தாமணி.

கார் உறுமிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து கேட்டார், ‘கடப்பாரை எங்க புள்ள?’

‘கட்டுத்தறில சாத்தி வெச்சிருக்குது. பத்து நாளா அங்கதான் இருக்குது.’

அவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை முனியப்பன் கோவிலைப் பார்த்து நடந்தார், முதலில் மெதுவாக, கரும்புக்காட்டு வளைவு தாண்டினதும் வேகமாக. சாந்தாமணி படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். நாலு பேர் வந்தாலும் வரட்டும், நாற்பது பேர் வந்தாலும் வரட்டும், வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு இருந்தது, பயம் இல்லாமல் இல்லை, அதைச் சுமக்கத் தெம்பு இருந்தது. கால்மணி ஆனது, அரைமணி ஆனது. படியண்டை நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்த கோழிகளில் ஒன்று கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கி, சும்மா நடப்பது போல உள்ளே போயிற்று. அதன் பின்னால் மற்றதெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு ஓடின.

பிரகதீஷ் வண்டியை அணைத்தான். சம்பந்தியம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். தாரணி குழந்தையை வாங்கிக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்தாள், கால் உள்ளே இருந்தது, அவள் அப்படியே போய் அறை நடுவில் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தாள். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தாள். அம்மா இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

‘உள்ள வாம்மா’ என்றாள் தாரணி.

கல்யாணமாகி வந்த அன்றைக்கு ஆலம் சுற்றிக் கூப்பிட்டதோடு சரி, அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் வா என்று சாந்தாமணியை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அவள் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.